டெல்டா கடற்கரைக்குக் குடும்பத்தோடு: முதலில் தேதி, பிறகு அறை

கேள்வி இதுதான்: சென்னையிலிருந்து கணவன் மனைவி, வயதான அப்பா அம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், ஆக ஆறு பேர். கையில் மூன்று நாள். காவிரி டெல்டாவின் கடற்கரைப் பக்கம் போக வேண்டும். எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது, எதைப் பார்ப்பது?

ஊர்களை எழுதி வைத்துக்கொண்டு தேதியைக் கடைசியில் முடிவு செய்தால் இந்தக் கரையில் பயணம் கெட்டுப்போகும். பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை ஒவ்வொரு ஊரும் ஒரு நாள்காட்டியைச் சார்ந்து இயங்குகிறது. கோயில் விசேஷம், பேராலயத் திருவிழா, தர்கா கந்தூரி, மழை, மீன்பிடித் தடை, ஆற்றில் தண்ணீர் வரும் காலம் என்று எல்லாமே அதில் இருக்கிறது. காலியாகக் கிடக்கும் அறை இரண்டு நாள் தள்ளி மும்மடங்கு வாடகைக்குக்கூடக் கிடைக்காது. ஏப்ரல் முதல் வாரத்தில் நல்ல வஞ்சிரம் போடும் கடையில் மே மாதம் ஐஸ் மீன்தான் இருக்கும். அதனால் முதலில் தேதி.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை பெய்யும். புயல்கள் பெரும்பாலும் நவம்பர், டிசம்பரில் வரும். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. இந்த மாதங்களில் வயதானவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருவது சரியில்லை. பொங்கல் கூட்டம் கலைந்த பிறகு, ஜனவரி பின்பாதி முதல் மார்ச் முதல் பாதி வரைதான் மிக நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, கோடியக்கரையில் பறவைகள் இருக்கும், மீன்வரத்தும் இருக்கும். சம்பா அறுவடை நடப்பதால் வழியெல்லாம் வயல் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

பள்ளி விடுமுறையை விட்டால் வேறு வழியில்லை என்றால் ஏப்ரல், மே. அப்போது இரண்டு சிரமங்கள். ஒன்று வெயில்: பதினோரு மணி முதல் நான்கு மணி வரை வெளியே நடக்க முடியாது, பிற்பகலில் கடல்காற்று எழுந்த பிறகுதான் கரைக்குப் போகலாம். இரண்டாவது மீன்பிடித் தடை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. நாட்டுப் படகும் சிறிய பைபர் படகும் போகும் என்பதால் மீனே இல்லாமல் போகாது. ஆனால் பெரிய மீன் குறையும், விலை ஏறும், வெளியூரிலிருந்து ஐஸ் பெட்டியில் வந்த மீன் கலக்கும். அந்த நாட்களில் வஞ்சிரத்தைத் தேடாதீர்கள். கரையோரம் பிடிபடும் கிழங்கான், மத்தி, நெத்திலி, நண்டு, வெயில் காலத்தில் வரும் கோலா மீன் இவற்றைக் கேளுங்கள். அவைதான் அன்றைக்குப் பிடித்ததாக இருக்கும்.

திருவிழா நாட்களில் முக்கியமானது வேளாங்கண்ணி. ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள். இந்தப் பதினோரு நாளும் சில நாள் முன்னும் அந்த ஊரை மட்டுமல்ல, நாகை, காரைக்கால் அறைகளையும் மறந்துவிடுங்கள். பாதயாத்திரையாக வரும் கூட்டத்தால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டியும் ஊர்ந்துதான் போகும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு, தவக்காலத்தின் கடைசி வாரம் ஆகியவற்றிலும் கூட்டம் உண்டு. நாகூர் தர்காவின் ஆண்டு விழாவான கந்தூரி, இஸ்லாமிய நாள்காட்டியின் ஜமாத்துல் ஆகிர் மாதத்தில் 14 நாள் நடக்கும். பிறைக் கணக்கு என்பதால் ஆண்டுக்கு ஆண்டு பத்துப் பதினோரு நாள் முன்னால் நகரும். சந்தனக்கூடு நாளில் நாகையிலிருந்து நாகூர் வரை சாலை முழுதும் கூட்டம்தான். வாரக் கணக்கில் பார்த்தால் நாகூரில் வியாழன் இரவும் திருநள்ளாற்றில் சனிக்கிழமையும் நெரிசல். ஆடி, தை அமாவாசைகளில் பூம்புகாரிலும் வேதாரண்யம், கோடியக்கரையிலும் நீராட விடியலுக்கு முன்பே ஆயிரக்கணக்கில் வந்துவிடுவார்கள். தர்ப்பணம் செய்யத்தான் போகிறீர்கள் என்றால் சரி. ஊர் பார்க்கப் போகிறவர்கள் அந்த நாளைத் தவிர்க்க வேண்டும்.

இனி தங்குமிடம். மூன்று நாளும் ஒரே ஊரில் தங்கினால் தினம் நூறு கிலோமீட்டருக்கு மேல் காரில் உட்கார வேண்டியிருக்கும். தினம் ஒரு ஊர் மாறினால் பெரியவர்களுக்குப் பெட்டி கட்டுவதே வேலையாகிவிடும். இரண்டு இடம் போதும்: வடக்கே ஒரு இரவு, தெற்கே இரண்டு இரவு.

வடக்கே எல்லோரும் நினைப்பது தரங்கம்பாடி. கடலைப் பார்த்த பழைய பங்களாவைப் புதுப்பித்து நடத்தும் விடுதியும் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதியும் அங்கே உண்டு. ஆனால் அறைகள் மிகக் குறைவு. வார இறுதிக்கு ஒரு மாதம் முன்பே பதிவு செய்யாவிட்டால் கிடைப்பது அரிது. ஆறு பேர் குடும்பத்துக்கு நான் முதலில் சொல்வது திருக்கடையூர். தரங்கம்பாடியிலிருந்து எட்டு கிலோமீட்டர் போலத்தான். அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் செய்துகொள்ள மொத்தக் குடும்பமும் வந்து தங்கும் ஊர் என்பதால் நான்கைந்து பேர் படுக்கும் பெரிய அறைகள், லிஃப்ட், வெந்நீர், காலை ஐந்து மணிக்கே காபி என்று பெரியவர்களுக்கு வேண்டியதெல்லாம் பழக்கத்திலேயே இருக்கிறது. இரண்டு குறைகள்: சைவச் சாப்பாடு மட்டும்தான், முகூர்த்த நாளில் அறையே இருக்காது. பஞ்சாங்கத்தில் முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்துப் போனால் வாடகையும் குறைத்துப் பேசலாம்.

தெற்கே வேளாங்கண்ணியா, நாகப்பட்டினமா? இரண்டுக்கும் இடையே பன்னிரண்டு கிலோமீட்டர்தான். மாதா கோயில்தான் முக்கியம் என்றால் வேளாங்கண்ணி. காலைப் பூசைக்கு நடந்தே போய்விடலாம். பேராலய நிர்வாகத்தின் விடுதிகளும் தனியார் விடுதிகளும் நிறைய. ஆனால் பிரதான தெருக்களில் இரவு வெகுநேரம் வரை சத்தம், வண்டி நிறுத்த இடமில்லை. தூங்க வேண்டும், மீன் சாப்பிட வேண்டும், நாகூருக்கும் கோடியக்கரைக்கும் போக வேண்டும் என்றால் நாகப்பட்டினம் வசதி. மருந்துக்கடை, மருத்துவமனை, ரயில் நிலையம் எல்லாம் பக்கம். அவசரம் என்றால் நாகைக்கு அருகே ஒரத்தூரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

அறையைப் போனில் பேசும்போது கேட்க வேண்டியவை சில. குளிக்கும் தண்ணீர் உப்பா? இந்தக் கரை முழுக்க நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்புத்தான். சோப்பு நுரைக்காது, தலைமுடி பிசுபிசுக்கும். லாரித் தண்ணீரோ கூட்டுக்குடிநீரோ தொட்டியில் ஏற்றுகிறார்களா என்று கேட்டால் நேராகச் சொல்லிவிடுவார்கள். குடிப்பதற்கு எப்படியும் இருபது லிட்டர் கேன் ஒன்று வாங்கி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். மேல்நாட்டுக் கழிப்பறை உண்டா? எந்த மாடி, லிஃப்ட் ஓடுகிறதா? வரி சேர்த்த வாடகையா? கணக்கு 24 மணி நேரமா, பகல் 12 மணியா? யாத்திரை ஊர்களில் பல விடுதிகள் நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் தருகின்றன. நகரத்து ஓட்டல்களில் நீங்கள் இரவு பத்துக்குப் போனாலும் மறுநாள் நண்பகலில் காலி செய்ய வேண்டும். விடியற்காலை ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு இது ஒரு நாள் வாடகை வித்தியாசம். பெரியவர்கள் எல்லோருடைய அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும்.

கடலைப் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கேட்பார்கள். உப்புக் காற்று ஏசி, தாழ்ப்பாள், குழாய் எதையும் விட்டுவைக்காது. பராமரிப்பு நன்றாக இருக்கும் விடுதியில் மட்டும் அதற்குப் பணம் கொடுங்கள். ஏசியைப் போட்டு, குழாயைத் திறந்து, கதவைத் தாழிட்டுப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். பேருந்து நிலையத்தில் ‘ரூம் வேணுமா சார்’ என்று வருகிறவர்களோடு போனால் அவர்களுடைய கமிஷனும் உங்கள் வாடகையில்தான் ஏறும்.

வருவதற்கு: ரயில் என்றால் சென்னையிலிருந்து சிதம்பரம், சீர்காழி, மயிலாடுதுறை வழியாக வரும் பாதை. மயிலாடுதுறையில் இறங்கி அங்கிருந்து மூன்று நாளுக்கும் டெம்போ டிராவலரோ பெரிய காரோ பேசிக்கொள்வது ஆறு பேருக்கு நல்லது. ஓட்டுநர் உள்ளூர்க்காரராக இருந்தால் பாதி வழிகாட்டல் தானாகக் கிடைக்கும். சொந்தக் காரில் வந்தால் கிழக்குக் கடற்கரைச் சாலை. ஒரு விஷயம் கவனம்: குறுவை அறுவடையான செப்டம்பர், அக்டோபரிலும் சம்பா அறுவடையான ஜனவரி, பிப்ரவரியிலும் உள்சாலைகளில் பாதி அகலத்துக்கு நெல் காயும். ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். இருட்டில் அது தெரியாது. பின்விளக்கு இல்லாத டிராக்டரும் அறுவடை இயந்திரமும் சேர்ந்து வரும். இருட்டும் முன் அறைக்குத் திரும்பிவிடுங்கள்.

முதல் நாள். மதியம் திருக்கடையூரில் சாப்பிட்டு ஓய்வெடுத்து, நான்கு மணிக்குத் தரங்கம்பாடி. கிழக்குக் கரையில் சூரியன் மாலையில் முதுகுப் பக்கம் இறங்குவதால் கடற்கரையில் சீக்கிரம் நிழல் விழும். நடக்க ஏற்ற நேரம் அது. தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாதரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை, உள்ளே அருங்காட்சியகம். மாலையில் சீக்கிரம் மூடிவிடுவார்கள் என்பதால் முதலில் அங்கேதான் போக வேண்டும். வார விடுமுறை எந்தக் கிழமை என்று விடுதியில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். பிறகு 1701இல் கட்டிய சீயோன் ஆலயம், 1718இன் புதிய எருசலேம் ஆலயம். ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய ஊர் இது. தமிழில் புதிய ஏற்பாடு அச்சானதும் இங்கேதான். கடலோரம் மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கரை அரிப்பு என்றால் என்ன என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். 1845இல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அதன்பின் துறைமுகமாக வளராமல் போனதால்தான் தெரு அமைப்பு அப்படியே தப்பியிருக்கிறது.

இரண்டாம் நாள் காலை ஆறரைக்கெல்லாம் பூம்புகார். வெயிலுக்கு முன் கரையில் ஒரு மணி நேரம், பிறகு சிலப்பதிகாரக் கலைக்கூடம். கண்ணகி கதையைச் சுவர்ச் சிற்பங்களாகச் செதுக்கிய ஏழு நிலை மாடம், 1973இல் திறந்தது. கதை தெரியாமல் போனால் பிள்ளைகளுக்கு வெறும் கல்தான். முந்தைய இரவே தாத்தாவோ பாட்டியோ கதையைச் சொல்லிவிடட்டும். பெரியவர்கள் விரும்பினால் பக்கத்தில் திருவெண்காடு. பன்னிரண்டு மணிக்கு மேல் நான்கு மணி வரை கோயில்களில் நடை சாத்தியிருக்கும் என்பதால் கோயிலைக் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

பிறகு தெற்கே இறங்கி, காரைக்கால் வழியாக நாகை. காரைக்கால் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்தது. பெட்ரோல், டீசல் பெரும்பாலும் தமிழ்நாட்டைவிடக் குறைவு, அங்கே நிரப்பிக்கொள்ளலாம். மது பாட்டிலை எல்லை தாண்டிக் கொண்டுவர வேண்டாம், சோதனைச் சாவடியில் குடும்பத்தோடு நிற்க நேரும். மதியம் நாகையில் அறையில் படுத்து எழுந்து மாலை நாகூர். தர்காவின் ஐந்து மினாராக்களில் உயரமானது 131 அடி. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டிக் கொடுத்தது. தலையை மூடிக்கொள்ளக் கைக்குட்டையோ துப்பட்டாவோ எடுத்துப் போங்கள். காணிக்கையை உண்டியலில் போடுங்கள், அல்லது ரசீது வாங்கிக் கொடுங்கள். இடையில் யாராவது கேட்டால் பணிவாக மறுத்துவிடலாம், ஒன்றும் தவறில்லை.

மூன்றாம் நாள் கோடியக்கரை. இதற்கு நாகையிலிருந்து ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். தாமதித்தால் போகாமலிருப்பதே மேல். வேதாரண்யம் தாண்டிக் கோடியக்கரை வரை ஒன்றரை மணி நேரம் ஆகும். 1967இல் அறிவித்த வனவிலங்கு சரணாலயம் இது. வெளிமான் கூட்டம் புல்வெளிக்கு வருவது காலை எட்டரை வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுப்பகலில் போனால் குரங்கை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவீர்கள். பூநாரை பார்க்க நவம்பர் முதல் பிப்ரவரி வரை. அவை கூட்டமாக நிற்கும் இடம் நீர்மட்டத்தைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும். மழை அதிகம் பெய்து சதுப்பு ஆழமாகிவிட்டால் கால் எட்டும் ஆழம்குறைந்த இடம் தேடி நகர்ந்துவிடும். அதனால் வனத்துறைச் சாவடியில் ‘இன்றைக்கு எந்தப் பக்கம்’ என்று கேட்டுவிட்டு உள்ளே போங்கள். ஒரு தொலைநோக்கி கட்டாயம். இல்லாவிட்டால் தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடுதான் தெரியும். வெளிர் நிற உடை, முழுக்கால் பேன்ட், தொப்பி. உள்ளே கடையை நம்பாமல் வேதாரண்யத்திலேயே இட்லி கட்டி வாங்கிக்கொள்ளுங்கள். வாழையிலையும் காகிதமும் திரும்ப உங்கள் வண்டியிலேயே வரட்டும். பிளாஸ்டிக் கவரை மான் தின்றுவிடும்.

திரும்பும்போது அகஸ்தியம்பள்ளியில் வண்டியை நிறுத்துங்கள். 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் நடந்து வந்தவர்கள் உப்பு அள்ளிய இடம், நினைவுத் தூண் இருக்கிறது. சுற்றிலும் உப்பளம். மழைக்காலத்தில் பாத்தி எல்லாம் வெறும் தண்ணீர். பிப்ரவரி, மார்ச்சில் இருந்துதான் உப்பு வாருவதைப் பார்க்க முடியும்.

முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டையும் இதே நாளில் சேர்க்க நினைக்காதீர்கள். அது தனியாக ஒரு நாள். வனத்துறை அனுமதி வாங்கி, ஜாம்பவானோடை பக்கம் படகேறி, ஆற்றின் வழியே காயலுக்குப் போய்வர அரை நாள் ஆகிவிடும். நிழல் குறைவு, கழிப்பறை வசதி குறைவு. பிள்ளைகளுக்குப் படகுதான் வேண்டும் என்றால், சென்னை திரும்பும் வழியில் சிதம்பரம் பக்கத்துப் பிச்சாவரம் சுலபம்.

கடலில் இறங்குவது பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இது நீச்சல் கரை அல்ல. காவிரியின் கிளைகள் ஒவ்வொன்றும் கடலில் விழும் முகத்துவாரம் இந்தக் கரை நெடுக இருக்கிறது. ஆறும் அலையும் சேர்ந்து மணல்திட்டைக் கட்டும், உடைக்கும். நேற்று முழங்கால் ஆழம் இருந்த இடத்தில் இன்று பள்ளம் இருக்கும். வற்றம் இறங்கும்போது இழுவை கரையிலிருந்து வெளியே இழுக்கும். பூம்புகாரில் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய கருங்கற்கள் வேறு, பாசி படர்ந்து வழுக்கும். வேளாங்கண்ணியில் கூட்டம் இருப்பதால் பாதுகாப்பு என்று தோன்றும், அங்கேதான் கவனம் அதிகம் வேண்டும். பிள்ளைகள் கணுக்கால் அளவு, பெரியவர்கள் கையைப் பிடித்தபடி. அலை திரும்பும்போது காலடி மணல் சர்ரென்று அரித்தால் வெளியே வந்துவிடுங்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவர் ‘இன்னிக்கு இறங்காதீங்க’ என்றால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம். கோடியக்கரைக்கு மேற்கே கரை திரும்பிப் பாக் நீரிணைப் பக்கம் போய்விடும். அங்கே அலை குறைவு, ஆனால் சேறு. கால் புதையும். ஆற்றிலும் வாய்க்காலிலும் அதே எச்சரிக்கை. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடும். இடைப்பட்ட மாதங்களில் படித்துறை அழகாக இருக்கும், மதகு அருகே சுழல் இருக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டு இரவில் மீன் சாப்பிடத் தேடுவது வீண். விசைப்படகுகள் விடியலில் கரை சேரும், ஏலம் காலையில் நடக்கும், ஓட்டல்காரர் அந்த மீனை மதியத்துக்குச் சமைப்பார். மதியம் பன்னிரண்டரைக்கும் ஒன்றரைக்கும் இடையே போய் உட்கார்ந்தால் குழம்பும் வறுவலும் அப்போது இறக்கியதாக இருக்கும். ‘என்ன மீன் இருக்கு’ என்று கேட்காமல் ‘இன்னிக்கு என்ன வந்துச்சு’ என்று கேளுங்கள். பதில் தயங்காமல் வந்தால் நல்ல கடை. பிள்ளைகளுக்குக் கொடுவா, வஞ்சிரம், பாறை: முள் பெரிது, எடுத்துவிடலாம். மத்தி ருசி அதிகம், ஆனால் பொடிமுள். பெரியவர்கள் நிதானமாகச் சாப்பிடட்டும். வயதானவர்களுக்குச் சுறாப்புட்டு மிக இதம், எண்ணெயும் குறைவு. இருக்கிறதா என்று காலையிலேயே போனில் சொல்லி வைப்பது நல்லது.

வேளாங்கண்ணிக் கடற்கரையில் மசாலா தடவி அடுக்கி வைத்த மீனை எடுத்துக் காட்டினால் பொரித்துத் தருவார்கள். சிவப்பு நிறமும் மிளகாய்ப் பொடியும் பழைய மீனின் குறையை நன்றாக மறைத்துவிடும், காலையிலிருந்து கொதிக்கும் எண்ணெய் பிள்ளைகளின் வயிற்றைக் கெடுக்கும். சாப்பிட ஆசை என்றால் மசாலா தடவாத மீனைக் காட்டச் சொல்லி, துண்டின் விலையைப் பேசிவிட்டு, உங்கள் கண் முன்னால் தடவிப் பொரிக்கச் சொல்லுங்கள்.

நாகூரில் மாலை நேரத்தில் வாடா கட்டாயம். அரிசி மாவைத் தட்டி, உள்ளே வெங்காயமும் தேங்காயும் சேர்த்த பூரணம் வைத்து, மேலே இறாலைப் பதித்துப் பொரிப்பது. சூடாக இருக்கும்போதுதான் மேல்பக்கம் மொறுமொறுப்பு. ஆறிவிட்டால் எண்ணெய் தெரியும். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் குடும்பத்தில் இருந்தால் அந்த எண்ணெயில் பொரித்த வேறெதையும் தொடாதீர்கள். பிறகு நெய்ச்சோறும் தாளிச்சாவும், இனிப்புக்குத் தம்ரூட். ரவை, முட்டை, நெய் சேர்த்து மேலும் கீழும் தணல் வைத்து எடுப்பது. முட்டை சேர்ந்தது என்பதைச் சைவக்காரர்களுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். சைவத்துக்கு மயிலாடுதுறைப் பக்கம் காலையில் இட்லிக்குக் கடப்பா கிடைக்கும் கடையாகப் பாருங்கள். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த அது பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் காரமில்லாமல் ஒத்துப்போகும்.

சமையலறையோடு வீடாக வாடகைக்குத் தரும் இடம் கிடைத்தால் நீங்களே மீன் வாங்கிச் சமைப்பது மிகச் சிறப்பு. சாதாரண விடுதி அறையில் அடுப்பு மூட்ட வேண்டாம். நாகை அக்கரைப்பேட்டை துறைமுகத்தில் காலை ஆறு, ஏழு மணிக்கு நல்ல வரத்து. ஏலத்தில் கூடை கணக்கில் போகும், உங்களுக்கு வேண்டாம். பக்கத்திலேயே ஏலம் எடுத்துச் சில்லறையாக விற்கும் பெண்களிடம் வாங்குங்கள். செவுளைத் தூக்கினால் ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பாகக் கூடாது. கண் உள்ளே குழிந்திருக்கக் கூடாது. விரலால் அழுத்தினால் பள்ளம் உடனே மேலெழ வேண்டும். இறாலின் தலை கழன்று தொங்கினாலோ கறுத்திருந்தாலோ விடுங்கள். நிலவு நாளில் நண்டு மெலிந்திருக்கும், இருட்டு நாளில் சதை பிடித்திருக்கும் என்று கரையில் சொல்வார்கள். எந்த நாளானாலும் அடிவயிற்றை அழுத்திப் பாருங்கள், அமுங்கினால் உள்ளே தண்ணீர். அங்கேயே வெட்டிச் சுத்தம் செய்து தரும் பெண்கள் இருப்பார்கள். தலை, குடல், செதில் போக எடை நன்றாகக் குறையும் என்பதால் ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ முழு மீனாக வாங்குங்கள்.

சுத்தம் செய்த ஒரு கிலோ மீனுக்குக் குழம்பு அளவு: புளி 50 கிராம், மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்தது. சின்ன வெங்காயம் 200 கிராம், தக்காளி மூன்று, பூண்டு பதினைந்து பல், பச்சை மிளகாய் மூன்று. மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மல்லித்தூள் மூன்று, மஞ்சள் அரைத் தேக்கரண்டி. கால் மூடித் தேங்காயை அரைத் தேக்கரண்டி சீரகத்தோடு மையாக அரைத்து வையுங்கள். நல்லெண்ணெய் ஆறு மேசைக்கரண்டி, தாளிக்க அரைத் தேக்கரண்டி வெந்தயம், கறிவேப்பிலை. வெந்தயம் பொன்னிறம் தாண்டினால் குழம்பு முழுக்கக் கசக்கும், அடுப்பைக் குறைத்தே தாளியுங்கள். வெங்காயம், பூண்டு, தக்காளி வதங்கியதும் தூள், புளித்தண்ணீர், கல்லுப்பு. பதினைந்து நிமிடமாவது கொதித்துப் பச்சை வாசனை போக வேண்டும். பலரும் அவசரப்பட்டு இங்கேதான் மீனைப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் தூள் வேகட்டும் என்று கொதிக்கவிட்டால் மீன் கரைந்துவிடும். பச்சை வாசனை போன பிறகு தேங்காய் விழுதைச் சேர்த்து ஒரு கொதி, பிறகு மீன். கரண்டி போடாமல் சட்டியைத் துணியால் பிடித்து அசைத்துக் கொடுங்கள். ஆறேழு நிமிடத்தில் இறக்கி, ஒரு மணி நேரமாவது ஊறவிட்டுப் பரிமாறுங்கள். மாங்காய்க் காலமாக இருந்தால் புளியை 30 கிராமாகக் குறைத்து, ஒரு புளிப்பு மாங்காயைத் துண்டாக்கி மீனுக்கு ஐந்து நிமிடம் முன்னால் போடுங்கள்.

ஊருக்கு மீன் கொண்டுபோக ஆசைப்பட்டால், கிளம்பும் நாள் காலையில் வாங்கி, வெட்டாமல் குடலையும் செவுளையும் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். துண்டு போட்டால் ஐஸ் தண்ணீர் இறங்கிச் சதை வெளுத்துவிடும். தெர்மோகோல் பெட்டியில் கீழே ஒரு அடுக்கு பொடி ஐஸ், மேலே மீன், மறுபடி ஐஸ் என்று அடுக்குங்கள். மீனின் எடைக்குச் சமமாக ஐஸ் வேண்டும். அடியில் சிறு துளை போட்டு, பெட்டியை ஒரு தட்டில் வையுங்கள். உருகிய தண்ணீரில் மீன் கிடந்தால்தான் நாற்றம் வரும். சென்னை வரை பகல் பயணத்தை இது தாங்கும். நீண்ட பயணம் என்றால் கருவாடு. நெத்திலிக் கருவாடு வளைத்தால் பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்துகொடுத்தால் ஈரம் இருக்கிறது, ஒரு வாரத்தில் பூஞ்சை பிடிக்கும். காகிதத்தில் சுற்றி, அதன்மேல் இரண்டு கவர் போட்டுக் கட்டி, துணிப்பெட்டியில் வைக்காமல் தனிப் பையில் எடுத்துப் போங்கள். வீட்டுக்குப் போனதும் ஒரு பகல் வெயிலில் காயவைத்து, காற்றுப் புகாத டப்பாவில் அடைத்துவிடுங்கள்.